தேரிமுங்கி: இல்லாத பிராணிக்கு உடம்பு கட்டியது

தேரி என்கிற செம்மணல் காட்டில் மணலுக்குள் முங்கிக் கிடக்கிற தேரிமுங்கி என்று ஒரு பிராணி உலகத்தில் எங்கேயும் கிடையாது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த முங்கி பொம்மையை வைத்த பள்ளிக்கூடக் கண்காட்சி முடிந்த கையோடு ஒருவர் பட்டறைக்கு வந்து, "அண்ணாச்சி, இந்த முங்கி எந்தத் தேரியில கெடைக்கும்? சோடி என்ன வெலைக்குப் போவும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அப்பாவி மண்ணுளிப் பாம்புக்கு 'இருதலை மணியன்' என்று பேர் வைத்து, வீட்டில் இருந்தால் செல்வம் கொட்டும் என்று கிளப்பிவிட்டு, அதைப் பிடித்து விற்று ஜெயிலுக்குப் போனவர்கள் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையில் இதுவும் சேர வேண்டாம். முங்கி முழுக்க முழுக்க ஒரு பைக் டியூப், ஒரு சைக்கிள் செயின், கொஞ்சம் பழைய எக்ஸ்ரே ஃபிலிம்.

என் தொழில் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு வேடச் சாமான் செய்வது. காளிக்குக் கூடுதல் கைகள், கிரீடம், கரடி முகம், குரங்கு வால், இப்படி. தசரா முடிந்தால் பட்டறையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஓய்ந்திருந்த ஐப்பசியில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் நாலைந்து பிள்ளைகளோடு வந்தார்.

"அண்ணாச்சி, பிள்ளையெல்லாம் ஒரு பிராணியக் கற்பனையாச் செய்யணும். ஆனா அது நம்ம தேரியில நெசமாவே பொழைக்கக் கூடியதா இருக்கணும். மூணு தல, நாலு றெக்கன்னு வச்சா நான் ஏத்துக்கிட மாட்டேன்."

"அப்ப என்னத்த வைக்கது டீச்சர்?"

"எதை வச்சாலும் இது எதுக்குன்னு பதில் சொல்லணும்."

எனக்கு அது புதுசு. காளிக்கு எட்டுக் கை எதற்கு என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நம் கோயில் தூண்களில் நிற்கிற யாளியை எடுத்துக்கொள்ளுங்கள். யானைக்குக் கழுத்து குட்டை, வாய் தரைக்கு எட்டாது, அதனால் துதிக்கை வேண்டும். யாளிக்குச் சிங்கத்தின் உடம்பு. குனிந்தால் வாயே எட்டும். பிறகு துதிக்கை எதற்கு? சிற்பிக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. எங்களுக்கு அந்தக் கேள்விதான் வேலையே.

தேரியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. திசையன்விளை, சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கமெல்லாம் மேடு மேடாகக் கிடக்கிற செம்மணல் காடு இது. 1986இல் தூத்துக்குடி தனியாகப் பிரியும் வரைக்கும் எல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டம்தான். இன்றைக்கும் பேச்சும் பழக்கமும் ஒன்றுதான். மணலின் சிவப்புக்குக் காரணம் ஒவ்வொரு மணியின் மேலும் படிந்திருக்கிற இரும்பு ஆக்சைடு. ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று இந்த மணலைத் தூக்கி ஓட்டும். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். பனை, உடைமரம், கொல்லாமரம் தவிர வேறு நிழல் அதிகம் கிடையாது. சித்திரை உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நாலடி நடக்க முடியாது. ஆனால் கையை முழங்கை வரைக்கும் மணலுக்குள் விட்டால் உள்ளே சூடு நன்றாகக் குறைந்திருக்கும். பிராணி எங்கே குடியிருக்க வேண்டும் என்பது இதிலேயே முடிவாகிவிட்டது.

பிள்ளைகள் கொண்டுவந்த முதல் படத்தில் முதுகெல்லாம் முள், தொண்டையில் விசிறி, வாயில் கோரைப்பல். முள் முதலில் போனது. மணலுக்குள் ஓடுகிற உடம்பில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒவ்வொன்றும் பாரம். தொண்டை விசிறி தேரியில் நிஜமாகவே ஒரு ஓணானுக்கு உண்டு. அது வெளியில் நின்று வெளிச்சத்தில் காட்டுகிற சங்கதி, மண்ணுக்குள் கிடக்கிறவனுக்கு ஆகாது. பல்லில்தான் பெரிய வாக்குவாதம். மணல் என்றால் பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, பல் எனாமல் 5 சுமார். மணலோடு சேர்த்து மெல்லுகிற பிராணிக்குப் பல் தேய்ந்தே தீரும். ஒரு பெண், "பீவரோட பல்லுல இரும்பு இருக்கு, அதான் ஆரஞ்சுக் கலர்ல இருக்கும்" என்று எங்கேயோ படித்ததைச் சொன்னாள். உண்மைதான், பீவரின் முன்பல் எனாமலில் இரும்பு உண்டு. தேரியிலேயே இரும்பு கிடக்கிறதே, முங்கிக்கு இரும்புப் பல் வைத்துவிடலாம் என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. பல்லி, முதலை வகைக்கு விழ விழப் பல் முளைக்கும். எறும்புதின்னி அழுங்குக்கோ பல்லே கிடையாது. இப்படி இரண்டு சுலபமான வழி இருக்கும்போது மூன்றாவது எதற்கு? கடைசியில் விழுந்து முளைக்கிற சிறு பற்கள் என்று தீர்மானம். எனக்கு அந்த இரும்புப் பல் மேல் ஒரு ஆசை இருக்கத்தான் செய்தது. பார்வைக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஊர்வன இனமா, பாலூட்டியா என்று அதிக நேரம் யோசிக்கவில்லை. தேரியில் தீனி குறைவு. உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றுகிற பிராணிக்குச் சாப்பாட்டுச் செலவு அதிகம். ஊர்வன என்றால் கிடைத்ததைத் தின்று, கிடைக்காத மாதத்தில் சும்மா கிடக்கலாம்.

இனி வேலை. சஹாரா பாலைவனத்தில் மணல்மீன் என்று ஒரு அரணை உண்டு. 2009இல் அதை எக்ஸ்ரே வைத்து மணலுக்குள்ளேயே படம் பிடித்தார்கள். கால்களை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு, உடம்பை இடமும் வலமும் அலையாக நெளித்து அது நீந்துவது அதில் தெரிந்தது. எங்கள் பிராணியும் அப்படி நெளிய வேண்டும் என்றால் முதுகெலும்பு பக்கவாட்டில் மட்டும் வளைய வேண்டும், மேலும் கீழும் தொய்யக் கூடாது. வெறும் கம்பி எல்லாப் பக்கமும் வளையும். கையில் எடுத்துப் பார்த்ததில் சரியாக அமைந்தது பழைய சைக்கிள் செயின். ஒரே ஒரு தளத்தில்தான் அது மடங்கும். அதைப் படுக்கை வாட்டில் வைத்தால் பல்லியின் முதுகெலும்பு தயார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துரு நீக்கி, ஒவ்வொரு கண்ணியிலும் பனை ஈர்க்கை வளைத்து விலா எலும்பாகக் கட்டினேன். ஈர்க்கு பச்சையாக இருக்கும்போதே வளைக்க வேண்டும். காய்ந்தது மடக்கென்று ஒடிந்துவிடும்.

அசைவுக்கு மோட்டார் வைக்கலாமா என்று ஒரு யோசனை. மணலும் பல்சக்கரமும் சேரவே சேராது, விட்டுவிட்டேன். பதிலுக்கு மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. முன்பாதியின் இடப்பக்க நரம்பையும் பின்பாதியின் வலப்பக்க நரம்பையும் ஒன்றாக முடிந்து ஒரு பிடி. மாற்றுப் பக்கத்துக்கு இன்னொரு பிடி. ஒன்றை இழுத்தால் உடம்பு ஒரு நெளி, அடுத்ததை இழுத்தால் எதிர் நெளி. பிள்ளைகளே ஆட்டலாம்.

தோலுக்கு பைக் டியூபை வெட்டி, விலா எலும்பின் மேல் உறையாக இழுத்து மாட்டினேன். வால் பக்கம் வெட்டிக் குறுக்கித் தைத்து, பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். உள்ளே அடைத்தது பனந்தும்பு. மொத்த நீளம் ஒரு முழம். பருமன் என் முன்னங்கை அளவு.

செதிலில்தான் எனக்கு நேரம் போனது, பிடித்த வேலையும் அதுதான். தெருவில் எல்லார் வீட்டு பீரோவிலும் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கிடக்கும். கையுறை போட்டுக்கொண்டு அதை பிளீச்சிங் கரைசலில் போட்டு வைத்தால் கருப்புப் பூச்சு வழன்று வந்துவிடும். லேசான நீலம் ஓடிய பிளாஸ்டிக் தாள் மிஞ்சும். அதைச் சுண்டுவிரல் நக அளவில் வெட்டி, முனையை வளைத்து, உட்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் பின்னால் இருப்பதால் மேல்பக்கம் கண்ணாடி வழுவழுப்பாகவே இருக்கும், மணல் உரசினாலும் நிறம் போகாது. நிறத்துக்கு கிரில் கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர். டப்பாவைப் பார்த்ததும் டீச்சருக்குச் சிரிப்பு. அதில் இருக்கிற சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். தேரி மணலின் சிவப்பு எதுவோ அதையேதான் நான் காசு கொடுத்து வாங்கி வந்திருந்தேன். வயிற்றுப் பக்கம் வெள்ளை.

ஒட்டுவதை வாலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஓடு வேய்கிறவர் இறவாணத்திலிருந்து மேலே ஏறுவது போல வாலிலிருந்து தலைக்கு ஏறினால்தான் முன் செதில் பின் செதிலின் மேல் படியும். மாற்றி ஒட்டினால் முன்னே போகும்போது ஒவ்வொரு செதிலின் இடுக்கிலும் மணல் ஏறி அள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு செதிலின் மேல் மூன்றில் ஒரு பாகத்துக்கு மட்டும் பசை. மிச்சம் சும்மா கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு நெளியாது.

இதுவரைக்கும் முங்கி ஒரு நல்ல பொம்மை. அதை மாற்றியது மணல் பெட்டி.

மணலுக்குள் பிராணி எப்படிப் போகிறது என்று கண்காட்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார் டீச்சர். உலர்ந்த மணலுக்குள் கீழிருந்து சீராகக் காற்றை ஊதினால் மணல் தண்ணீராக இளகிவிடும், தொழிற்சாலைகளில் இந்த முறை உண்டு, செய்து பார்ப்போமா என்று கேட்டார். பிளைவுட்டில் இரண்டடிப் பெட்டி. அடியில் காற்றுக்கு ஒரு தனி அறை. அதன் மேல்பலகையில் நெருக்கமாகத் துளை போட்டு, மேலே காடாத் துணி இரண்டு மடிப்பு விரித்து, ஓரமெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்தேன். காற்றுக்கு, மரப்பட்டறையில் தூசி ஊதுகிற புளோயர். முன்பக்கம் கண்ணாடி.

தேரி மணலை அப்படியே போடக் கூடாது. அதிலுள்ள நைசான தூசி, ஊதின உடனே எழும்பி ஆளையே சிவப்பாக்கிவிடும், மூச்சுக்கும் நல்லதில்லை. வாளியில் போட்டு அலசி அலசிச் செந்தண்ணீரைக் கொட்டினோம். எவ்வளவு அலசினாலும் மணல் சிவப்பாகவே இருந்தது. இரும்புப் பூச்சு அவ்வளவு கெட்டி. மழைக்காலம் வேறு. வெளியில் காயப்போட வழியில்லை. வட்டச்சட்டியில் போட்டு வறுத்து எடுத்தோம். துளி ஈரம் இருந்தாலும் மணல் கட்டி கட்டியாக நிற்கும், இளகாது.

புளோயரைப் போட்டதும் முதலில் அங்கங்கே ஊற்றுக் கண் திறந்து புஸ் புஸ்ஸென்று பீய்ச்சியது. மூடியைத் திருப்பிக் காற்றைக் கூட்டக் கூட்ட ஊற்றெல்லாம் ஒன்று சேர்ந்து மொத்த மணலும் கொதிக்க ஆரம்பித்தது. ஒரு போல்ட்டைப் போட்டேன், சடக்கென்று அடிக்குப் போனது. முன்கூட்டியே அடியில் புதைத்து வைத்த பனங்குரும்பை ஒன்று மெல்ல மேலே வந்து மிதந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது.

அடுத்து முங்கி. பிராணியின் சதை கிட்டத்தட்டத் தண்ணீர் கனம்தான் இருக்கும் என்பதால், தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளை வயிற்றுக்குள் வைத்து, பாலிதீன் உறையில் சுற்றித் தொட்டித் தண்ணீரில் விட்டு, மூழ்கியும் மூழ்காமலும் நிற்கும் வரைக்கும் எடையைச் சரிசெய்திருந்தேன். அதைக் கொதிக்கிற மணலில் விட்டோம். முங்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு உடம்பு வெளியே தெரிய, சுகமாக மிதந்துகொண்டிருந்தது. கையால் அமுக்கி விட்டாலும் மேலே வந்தது.

"மாமா, முங்கி முங்க மாட்டேங்கு!"

டீச்சர் ஒரு லிட்டர் படியில் மணலை அள்ளி எடை போடச் சொன்னார். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்தது. அதே படித் தண்ணீர் ஒரு கிலோ. ஆக, சதையும் எலும்புமாக இருக்கிற எந்தப் பிராணியும் இளகின மணலில் மிதக்கத்தான் செய்யும். சும்மா கிடக்கிற மணல் யாரையும் மேலே தள்ளாது. ஆனால் உள்ளே கிடக்கிற பிராணி ஒவ்வொரு தடவை நெளியும்போதும் சுற்றிலும் உள்ள மணல் இளகுகிறது. இளகின ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் மேலே வரும். மணலுக்குள் குடியிருப்பது என்றால் கல்லைப் போல அடியில் போய்க் கிடப்பது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். நிஜத்தில் இந்தப் பிராணிக்கு இறங்குவதுதான் உழைப்பு, ஏறுவது சும்மா.

இதற்குப் பிறகுதான் முங்கிக்கு உடம்பு என்று ஒன்று உருவானது. பிள்ளைகள் பழைய படத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

தலைக்கு மூன்று வடிவம் பூவரசங்கட்டையில் செதுக்கினேன். ஒன்று உருண்டை. ஒன்று கூம்பு. மூன்றாவது, கீழ்ப்பக்கம் தட்டையாக, மூக்கு நுனி கீழ்மட்டத்திலேயே இருந்து, நெற்றி அங்கிருந்து சரிவாக ஏறுகிற ஆப்பு. காற்றில்லாத மணலில் ஒரே ஆழத்தில் புதைத்து, கயிறு கட்டிப் படுக்கை வாட்டில் இழுத்தோம். உருண்டை கனமாக இழுபட்டு, போகப் போக மேலே வந்துவிட்டது. கூம்பு லேசாக இழுபட்டது, அதுவும் மேலே வந்தது. ஆழம் கூடக் கூட மணல் கெட்டியாக இருப்பதால் கீழ்ப்பக்கத்துத் தள்ளல் எப்போதும் அதிகம். ஆப்புத் தலை மட்டும் மேலே வரவில்லை. சரிந்த நெற்றியில் மோதுகிற மணல் தலையைக் கீழே அமுக்குகிறது. இதைப் பார்க்க வேண்டும் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மரத்துண்டும் ஒரு தட்டு மணலும் போதும்.

ஆப்புத் தலை வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்து அதன் பின்னால் நின்றது. மூக்கு நுனி கீழே இருப்பதால் வாய் அதற்கும் அடியில் போயிற்று. மேல்தாடை கீழ்தாடையை மூடிக்கொள்ளும், மணல் புகாது. மூக்குத் துவாரம் நெற்றிச் சரிவின் பின்கோடியில், பின்பக்கம் பார்த்து. உள்ளே மூச்சுக் குழல் ஒரு வளைவு வளைந்து அகலமாகும். அகலமான இடத்தில் காற்றின் வேகம் குறைந்து மணல் மணி அங்கேயே விழுந்துவிடும், பிறகு ஒரு தும்மலில் வெளியே. சஹாரா மணல்மீனிடமும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். கண்ணுக்குக் கீழ் இமையில் ஒரு கண்ணாடி ஜன்னல். சில அரணைகளுக்கு நிஜமாகவே அப்படி உண்டு. அதற்கு மிச்சமிருந்த ஃபிலிமில் பெயிண்ட் அடிக்காத ஒரு துண்டு. காதுத் துளை கிடையாது. தாடை எலும்பைத் தரையில் வைத்து அதிர்வைக் கேட்கும். நமீபியாவின் பாலைவனத்தில் தங்க அகழெலி ஒன்று இருக்கிறது. கண் முழுக்கத் தோலால் மூடிப்போய், காதுக்குள் இருக்கிற சுத்தி எலும்பு பெருத்து, மணலின் அதிர்வை வைத்தே இரை பிடிக்கும். முங்கி அவ்வளவு தூரம் போகவில்லை. அதற்குக் கண்ணும் வேண்டும், காரணம் மயில். தேரியில் மயிலுக்குப் பஞ்சமில்லை.

கால் விஷயத்தில் இரண்டு பேருக்குள் சண்டை. நெளிந்து போகும்போது கால் ஒடுங்கிக்கொள்ள விலாவில் ஒரு பள்ளம் வேண்டும் என்பது முதலிலேயே முடிவானதுதான். மேலே தள்ளுகிற மணலில் பகல் முழுக்க எப்படிக் கிடப்பது என்பதுதான் கேள்வி. ஆடாமல் கிடக்கலாம், மணலும் ஆடாது என்றான் ஒருவன். மூச்சு விட்டாலே ஆடுமே என்றாள் இன்னொருத்தி. அவள் சொன்ன வழியில் பின்னங்கால் நகம் நீண்டு கொக்கியாக வளைந்தது. பனைக்கு ஆணிவேர் கிடையாது, அடிமரத்திலிருந்து கயிறு கயிறாக வேர் கிளம்பி நாலா பக்கமும் ஓடும். முங்கி அந்த வேரில் நகத்தை மாட்டிக்கொண்டு தூங்கும். அதனால்தான் இது பனை இல்லாத மொட்டைத் தேரியில் இருக்காது. இறங்கும்போது மூச்சை முழுக்க வெளியே விட்டுவிடும். நுரையீரல் சுருங்கினால் உடம்பின் பருமன் குறையும், அந்த அளவுக்கு மிதப்பும் குறையும். ஆபத்து வந்தால் மூச்சை இழுத்து ஊதினால் போதும், மணலை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். கீரி தோண்டுகிற பக்கம் விட்டு வேறு பக்கம் எழுந்து ஓடலாம்.

வால் தடிப்பு கொழுப்புக்கு. உடம்பெல்லாம் கொழுப்பைப் போர்த்திக்கொண்டால் சூடு வெளியேறாது, அதனால் எல்லாம் வாலில். ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று மேலேயே தண்ணீர் கிடைக்கும் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. தண்ணீர் குடிக்காத பிராணிக்கு அந்த வால்தான் குடம்.

நடத்தை அட்டவணையைப் பிள்ளைகள் மாதக் கணக்கில் எழுதினார்கள். அவர்கள் வீட்டுப் பனையேறிகளிடம் கேட்டுத்தான். மாசி, பங்குனியில் பதநீர் இறக்க ஆரம்பித்ததும் பனை அடியில் சிந்துகிற துளிக்கு எறும்பு மொய்க்கும். முங்கிக் குஞ்சுகளுக்கு அது முதல் சாப்பாடு. ஆடிக் காற்றில் தரையெல்லாம் ஒரே அதிர்வு, தாடையை வைத்தால் இரையின் சத்தம் பிரிந்து கேட்காது. அந்த மாதங்களில் உடைமரத்து ஓரமாக வாலைக் கரைத்துக்கொண்டு கிடக்கும். ஆவணியில் பனம்பழம் விழும். அழுகின பழத்தில் வண்டும் புழுவும். ஐப்பசி முதல் மழைக்கு ஈசல். ஒரே வாரத்தில் வால் பருத்துவிடும். தன் எச்சத்தை என்ன செய்யும் என்று ஒரு பொடியன் கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் கேள்வி நல்ல கேள்வி. மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கிற குழியானைப் புழு, வளர்ந்து சிறகு முளைக்கும் வரைக்கும் எச்சமே போடாது. அந்தப் பொடியனுக்கு அது பெரிய அதிசயம். முங்கிக்கு அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை, மேலே வந்து போட்டுவிட்டுப் போகும் என்று எழுதிவிட்டோம்.

கார்த்திகையில் ஜோடி சேரும். ஆண் முங்கி பனை வேரில் தொண்டையை வைத்துத் தட்டும். மணலைவிட வேரில் அதிர்வு தூரம் போகும். என்ன தாளம் என்று கேட்டபோது ஒருவன் பெட்டிப் பலகையில் தட்டிக் காட்டினான். கோயில் கொடை தவறாமல் கணியான் கூத்து பார்க்கிற வீட்டுப் பையன், அந்தக் கூத்தில் அடிக்கிற மகுடம் என்கிற தோல்கருவியின் அடி அப்படியே விரலில் வந்தது. பெண் பதில் தட்டுத் தட்டாது. கேட்ட பக்கம் போகும், அல்லது போகாது.

முட்டை இடுவதற்கு மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காய்ந்த மணலில் வளை நிற்காது என்பது. ஈரமானால் மணிகளுக்கு இடையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சுவர் நிற்கும். வேர்க்கூட்டத்துக்குள் வளை தோண்டி இடும். ஆமை முட்டை விஷயம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. நம் கரைக்கு வருகிற பங்குனி ஆமையின் முட்டை சூடான மணலில் இருந்தால் பெண், சற்றுக் குளிர்ந்த மணலில் இருந்தால் ஆண். முங்கிக்கும் அதையே வைத்தார்கள், ஒரு திருப்பத்தோடு: மேல் அடுக்கு முட்டை பெண், கீழ் அடுக்கு ஆண். பனை வெட்டப்பட்டு நிழல் போன இடத்தில் கீழ் அடுக்கும் சூடாகி, பொரிப்பதெல்லாம் பெண்ணாகிவிடும். பனையை வெட்டினால் பத்து வருஷம் கழித்து முங்கி ஏன் இல்லாமல் போகிறது என்பதற்கு ஒரு பெண் இதைத்தான் காரணமாக எழுதியிருந்தாள். டீச்சர் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் டிக் அடித்தார்.

தலை மாறினதால் தலைக் கழுத்துச் செதிலையெல்லாம் உரித்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. வயிற்றில் வைத்த ஈயத்தில் பாதியை முன்னுக்குத் தள்ளினேன்; ஆப்புத் தலை இறங்க முன்கனம் வேண்டும். கொக்கி நகத்துக்குப் பழைய தூண்டில் முள்ளின் கூர்முனையை அரத்தால் மழுக்கி வைத்தேன். காட்சிப் பெட்டியின் ஒரு மூலையில் நிஜப் பனை வேரைப் பதித்து, பிள்ளை நரம்பை இழுத்து நெளிக்க நெளிக்க முங்கி தலையைச் சாய்த்து இறங்கி வேரில் கொக்கியை மாட்டுகிற வரைக்கும் பழக்கினோம். மாட்டிய பிறகு புளோயரைப் போட்டாலும் அது வெளியே வராது. கொக்கியை எடுத்துவிட்டால் உடனே மிதக்கும். பார்க்க வந்தவர்களுக்கு அதுதான் புரிந்தது, அட்டையில் எழுதினதை யாரும் அதிகம் படிக்கவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் தொட்டுத் தடவினதில் கழுத்துச் செதில் சில உதிர்ந்துவிட்டது. பஞ்சர் சொல்யூஷன் ரப்பரோடு ரப்பரை ஒட்டுகிற அளவுக்கு ஃபிலிமைப் பிடிப்பதில்லை. ஃபிலிமின் ஒட்டுகிற பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் ஃபெவிபாண்ட் தடவி, பிசுக்குக் காய்ந்த பிறகு அமுக்கினால் அசையவில்லை. செய்ய நினைக்கிறவர்கள் முதலிலேயே அப்படிச் செய்யுங்கள். காடாத் துணியில் நைஸ் மணல் அடைத்துக் காற்று ஒரு பக்கமாகப் போக ஆரம்பித்தது, துணியை மாற்றிவிட்டேன். புளோயரைப் பட்டறைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. முங்கி இப்போது பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அடியில் 'இது கற்பனைப் பிராணி' என்று கையகல எழுத்தில் எழுதி வைக்கச் சொன்னேன். விலை கேட்டு வந்தவருக்காக, 'விற்பனைக்கு இல்லை' என்றும் ஒரு வரி.